மூன்றாம் வாரத்து ஈரம்

எங்கள் வீட்டுச் சுவரை ருசி பார்த்த மனிதர் அவர் ஒருவர்தான். ஆள்காட்டி விரலைச் சுவரில் தேய்த்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் குழந்தை, அடுப்பில் உலை கொதிக்கிறது, இந்த மனுஷன் சாவகாசமாகச் சப்புக்கொட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்னா மேஸ்திரி, உப்பு போதுமா?" என்றேன். என் வாய் அப்படி. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "உப்பே இல்லீங்கம்மா. அதாங்க இடிக்குது," என்றார்.

கீழேயிருந்து ஏறி வருகிற தண்ணீர் மண்ணில் இருக்கிற உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும், நாக்கில் வைத்தால் கரிக்கும் என்பது அவர் கணக்கு. எங்கள் சுவர் கரிக்கவில்லை. அப்படியானால் தண்ணீர் கீழேயிருந்து வரவில்லை. மேலேயிருந்தும் வரவில்லை, தை மாதம், மழை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. "அப்ப நடுவுலேருந்து வருது," என்று சொல்லிவிட்டு, எனக்குப் பதில் தெரியும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

மேஸ்திரி என்று நான் மரியாதைக்குக் கூப்பிட்டேனே தவிர அவர் மேஸ்திரி இல்லை. மராமத்து ஆபீஸில் கொத்தனாருக்குக் கலவை கலந்து கொடுக்கிற ஆள். சுவரில் ஈரம், கூரையில் ஒழுக்கு என்று யாராவது புகார் கொடுத்தால் போய்ப் பார்த்துவர அவரை அனுப்புவார்கள். எங்கள் பிளாக் பெண்கள் அவருக்கு வைத்த பேர் பென்சில்காரர். காதில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில், கக்கத்தில் புகார் ரிஜிஸ்தர். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பென்சில் சுவரில் கோடு போடத்தான். அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு நான் செய்ததையும் இங்கே எழுதப்போகிறேன், பேரைப் போட்டுவிட்டு அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உட்கார மாட்டார். ஸ்டூல் போட்டால் அதன் மேல் ரிஜிஸ்தரை வைத்துவிட்டு நடப்பார். காபி கொடுத்தால் பாதி குடிப்பார், ஏதோ ஞாபகம் வந்து தம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடி, வெளிச்சுவரைத் தொட்டுப் பார்ப்பார். ஆறிப்போன காபியை நான் கொட்டிவிட்டு அவருக்கென்று தனியாக வைத்திருந்த அலுமினியத் தம்ளரை வெளிக்குழாயில் கழுவி ஜன்னல் மேல் கவிழ்த்து வைப்பேன். ஆமாம், தனித் தம்ளர்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். நானும் ஏன் என்று கேட்டவள் இல்லை.

சுரங்கக் கம்பெனி வேலைக்கு வருமுன் அவர் அடுத்தவர் நிலத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர். வாய்க்கால் தண்ணீரை வயல் வயலாகப் பாய்ச்சுகிற கூலி வேலை. அவருக்குத் தெரிந்த சாஸ்திரமெல்லாம் அங்கே படித்ததுதான்.

"வரப்புல நண்டு வளை இருக்குங்க. தண்ணி இந்தப் பக்கம் உள்ள பூந்து, பத்தடி தள்ளி அந்தப் பக்கம் வரும். வந்த எடத்துல மண்ண வெச்சி அடைச்சா நிக்குமா? பூந்த எடத்த பாக்கணும்."

இதனால் அவருக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டுவிட்டது. "அதுக்கு முன்னாடி?" எதைச் சொன்னாலும் அதுதான். குழந்தை அழுகிறது என்றால், அதுக்கு முன்னாடி என்ன செய்தது என்பார். பால் திரிந்துவிட்டது என்றால், அதுக்கு முன்னாடி அந்தப் பாத்திரத்தில் என்ன இருந்தது என்பார். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "உங்க சம்சாரம் எப்படிங்க உங்ககூட குடித்தனம் பண்றாங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் நிஜமாகவே யோசித்தார். "அவ இப்பல்லாம் பதிலே சொல்றதில்லீங்க. போயி செவுத்த கேளுன்னுடறா," என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. அவருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

எனக்கு அந்த நாட்களில் சிரிப்பு சாமான்யமாக வராது. காரணத்தைச் சொல்கிறேன்.

நெய்வேலியில் கரி கண்ட புதிது அது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தைச் சுற்றிப் போட்டிருந்த பம்புகளில் ஒன்றுக்கு ஆபரேட்டர். பூமிக்கடியில் இருக்கிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அது சுரங்கத்துக்குள் பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அவருக்கு ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், மூன்றாவது வாரம் நைட். குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள், பர்மனென்ட் ஆர்டர் மட்டும் வரவில்லை. கூட வேலைக்குச் சேர்ந்த ஒருவர் நைட் ஷிஃப்டில் பம்பு பக்கத்தில் கண்ணசந்துவிட்டார். பிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பகலில் தூங்க வேண்டுமே என்பதுதான் எனக்கு வேலை, வேண்டுதல், எல்லாம்.

இந்த லட்சணத்தில் முன்னறைச் சுவரில் ஈரம். முன்னறையில்தான் தூளி மாட்டும் கொக்கி இருந்தது. அதற்கு நேர் கீழே முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை, பிறகு முறம் அளவுக்கு. பூஞ்சை நாற்றம். என் மகளுக்கு ஒன்றரை வயது. அவளுக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய்விட்டு வருவதை நான் கைவைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆஸ்பத்திரி டாக்டர், ஈரம் இல்லாத இடத்தில் குழந்தையைப் போடுங்கள் என்றார்.

கம்மாபுரத்திலிருந்து என் மாமியார் வந்தாள். சுவரைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"சித்திர பொறக்கறதுக்குள்ள செவுரு காயணும். இல்லன்னா கொயந்தய நான் தூக்கிக்கினு போயிடுவேன். எங்க வூடு மண் செவுருதான், ஆனா ஒரு பொட்டு ஈரம் கெடையாது."

வெறும் பேச்சு இல்லை அது. என் நாத்தனார் மகனை ஏற்கெனவே அப்படித் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். உடம்பு தேறியதும் அனுப்புகிறேன் என்றுதான் சொன்னாள். அவன் தேறினான், கொழுத்தான், தன்னைப் பெற்றவளை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாத்தனார் தீபாவளிக்கு வரும்போது அவனுக்குப் பட்சணம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கம் பிடிக்கப் பார்ப்பாள். நான் அதைக் கண்ணால் பார்த்தவள்.

மராமத்து சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "நெய்வேலியே தண்ணி மேல மிதக்குதும்மா. ஊத்து. யாரு என்ன பண்றது?" என்றார். சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். பத்து நாளில் கறை மறுபடியும் எட்டிப் பார்த்தது. ஊரே அதைத்தான் சொன்னது. கீழே அவ்வளவு தண்ணீர் இருக்கிற ஊரில் சுவர் நனைந்தால் யார்தான் வேறு எதை நினைப்பார்கள்? என் வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. "ராப்பகலா தண்ணிய நான் வெளிய இறைக்கிறேன், அது எனக்கு முன்னாடி வூட்டுக்கு வந்து நிக்குது," என்பார். பிறகுதான் பென்சில்காரரை அனுப்பினார்கள், அவர் வந்து சுவரை ருசி பார்த்தார்.

வாரா வாரம் திங்கட்கிழமை வருவார். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த ஓரத்தோடு பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான், போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கோடு போட்டா காஞ்சிடுமா மேஸ்திரி?" என்று கத்துவேன். மாசி போயிற்று. சித்திரை நெருங்க நெருங்க நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னறையிலிருந்து உள்ளறை, உள்ளறையிலிருந்து முன்னறை. அவர் வந்தால் அவரும் நடப்பார். சின்ன வீட்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்தால் எப்படியிருக்கும்?

அவர் காரணத்தைக் கண்டுபிடிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதுவே எனக்குக் கலக்கமாகவும் இருந்தது. ஏனென்றால் ஆபீசர் பங்களா கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு ஹாலில் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறியிருக்கிறது என்று இவரை அனுப்பினார்கள். நாலு பேர் விருந்துக்கு வந்திருந்த நேரம். இவர் போனார், முகர்ந்தார், "இந்த வெட்டிவேர்த் தட்டிதாங்க. வெயிலுக்கு நீங்க இதுல தண்ணி தெளிக்கிறீங்க, அது செவுத்துல எறங்குது," என்றார். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் அத்தோடு விட்டாரா? ரிஜிஸ்தரை நீட்டி, "காரணம்னு இருக்கில்லீங்க, அந்தக் கட்டத்துல நீங்களே எழுதிடுங்க, எனக்கு எழுத வராது," என்றார். விருந்தாளிகள் முன்னால் அந்த அம்மா தன் கையால் எழுதினாள். ஒரு மாதம் இவரைச் சாக்கடை வெட்டப் போட்டார்கள். நான் கேட்டதற்கு, "கேட்டாங்க, சொன்னேன்," என்றார்.

ஆறு கோடுகள் ஆனதும் ஒருநாள் சுவர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கோடுகளுக்கு நடுவில் விரலை வைத்து அளந்தார். இரண்டு கோடுகள் நெருக்கம், மூன்றாவது நாலு விரற்கடை தள்ளி. மறுபடி இரண்டு நெருக்கம், மறுபடி ஒன்று தள்ளி.

"மூணாவது வாரந்தாங்க எகிறுது. ஊத்துத் தண்ணிக்கு வாரம் தெரியுமா?"

அந்த வாரத்தில் பம்பு குறைவாக ஓடுகிறதோ என்று கேட்டுவரச் சுரங்கம் வரை நடந்தே போய்வந்திருக்கிறார். எல்லா வாரமும் ஒரே மாதிரிதான் ஓடுகிறதாம். மறுநாளே வந்து, "உங்க வூட்டுக்காரருக்கு இப்ப எந்த ஷிஃப்ட்டுங்க?" என்றார்.

"நைட்டு. இப்பத்தான் தூங்கறாரு. மெதுவா பேசுங்க."

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னாங்க?"

"சமையக்கட்டு."

"கொழா இருக்குதுங்களா?"

இருந்தது. அவர் சமையற்கட்டு நிலைப்படி வரை வந்து நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாமியாருக்குத் தெரிந்தால் என்ற பயம் பாதி, என் வளர்ப்பு பாதி. அவரும் கேட்கவில்லை. "நீங்களே போயி பாத்து சொல்லுங்கம்மா. நான் இங்கேருந்து கேக்கறேன்," என்றார்.

நான் உள்ளே போனேன். குழாயில் துணி கட்டியிருந்தது.

நைட் ஷிஃப்ட் வீடுகளில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வோம். உள்ளறைக் கதவுக்கு நேரெதிரே சமையற்கட்டுக் குழாய். தகர வாளியில் தண்ணீர் விழுந்தால் தடதடவென்று வீடே எழுந்துகொள்ளும். அதனால் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் குழாய்க் கழுத்தில் முடிச்சுப் போட்டு, வால் வாளிக்குள் தொங்கும்படி விட்டுவிடுவது. தண்ணீர் சத்தமே இல்லாமல் துணி வழியாக வழுக்கி இறங்கும். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாளி நிறையும். அந்தத் துணி அழுக்குக் கந்தல், யாராவது வந்தால் வெட்கப்பட்டு முதலில் அதைத்தான் அவிழ்த்து ஒளிப்போம். அதனால் சூப்பர்வைசர் கண்ணிலும் கொத்தனார் கண்ணிலும் அது பட்டதே இல்லை.

அன்றும் பழக்கதோஷத்தில் முதலில் துணியை அவிழ்த்தேன். பிறகு குழாய்க்குப் பின்னால் கைவைத்துப் பார்த்தேன். குழாய் சுவரிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு விரல் போகிற சந்து. முடிச்சிலிருந்து தண்ணீர் பின்பக்கமாக ஊர்ந்து அந்தச் சந்துக்குள் போயிருக்கிறது. விரலை விட்டேன். சொதசொதவென்று இருந்தது. நண்டு வளை.

"எப்பிடிங்கம்மா இருக்குது?" என்று நிலைப்படியிலிருந்து கேட்டார்.

"காஞ்சிதான் இருக்கு மேஸ்திரி," என்றேன். ஈரத் துணி என் கைக்குள் இருந்தது.

ஏன் பொய் சொன்னேன்? மாமியாருக்குத் தெரிந்தால், "இவளே கொயந்தைக்கு இழுப்பு வரவெச்சிட்டா" என்பாள். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குழந்தையைக் கேட்பேன்? என் கண்ணையே நம்பி ஒரு மனுஷன் நிலைப்படியில் நின்றார். நான் அவரை ஏமாற்றினேன். அவர் "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாதிக் காபியோடு போனார்.

அதற்குப் பிறகு நான் துணி கட்டவில்லை. என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வருமுன் எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அவர் எழும் வரை குழாயைத் தொடாமல் இருந்தேன். அடுத்த நைட் வாரமும் வந்தது. கோடு ஏறவில்லை. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

பென்சில்காரருக்கு முகமே மாறிவிட்டது. ஊரில் எந்த மனுஷனாவது ஈரம் நின்றுவிட்டதே என்று கவலைப்படுவானா? அவர் பட்டார். திங்கட்கிழமை வந்தவர் செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார்.

"எப்பிடிங்க நின்னுது?"

"நின்னா நல்லதுதானே? விடுங்களேன்."

"ஏன் நின்னுதுன்னு தெரியலன்னா அது நின்னதா ஆவாதுங்க. போன தடவ இதே மூணாவது வாரம் நாலு வெரக்கட ஏறுச்சி. இந்தத் தடவ ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னாடி என்னா நடந்துச்சி?" என்று கேட்டுக்கொண்டே கொடியில் காய்ந்துகொண்டிருந்த கந்தல் துணியைப் பார்த்தார். ஒரு முனையில் முடிச்சுத் தடம் சுருங்கிக் கிடந்தது, செம்பட்டையாகக் குழாய்த் துரு ஒட்டியிருந்தது. துணியைப் பார்த்தார், உள்ளறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லாதீங்க. என் புள்ளைய கொண்டுபோயிடுவாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் வாசலுக்கும் சுவருக்குமாக இரண்டு தரம் நடந்தார். "நானா போயி சொல்ல மாட்டங்க," என்றார். "கேட்டா சொல்லிடுவேன். எனக்கு வேற மாரி வராது."

அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமையே என் மாமியார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தையின் துணிமணியை வைத்துக்கொள்ளக் காலியாக ஒரு பையும் கொண்டுவந்திருந்தாள். சுவர் இன்னும் முழுசாகக் காயவில்லை, கறை வெளிறி அப்படியே நின்றது. உள்ளறையில் அவள் மகன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன், வாசலில் பென்சில்காரர் வந்து நிற்கிறார்.

"ஏம்பா, செவுத்துக்கு என்னா கேடு? காரணம் தெரிஞ்சிதா?" மாமியார் நேராகவே கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சிதுங்க!"

"கத்தாதய்யா. புள்ள தூங்கறான்." அவள் குரல் தணிந்துவிட்டது. "என்னா காரணம்?"

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து என் மகள் இருமி இருமி என் தோளிலேயே கக்கிவிட்டாள். "இரு, தண்ணி கொண்டாரேன்," என்று மாமியார் சமையற்கட்டுக்கு ஓடினாள். குழாயைத் திறந்தாள். தகர வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. உள்ளறையில் கட்டில் கிரீச்சென்றது.

உடனே சத்தம் நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை, அது வழிந்து இறங்குகிற மெல்லிய சலசலப்பு கேட்டது.

பென்சில்காரர் தலையைத் தூக்கினார். அடுத்த நொடி நிலைப்படியைத் தாண்டி உள்ளே இருந்தார். "அதாங்க! அதாங்க காரணம்! கையை எடுக்காதீங்க, அப்பிடியே வெச்சிக்கினு இருங்க!"

நான் பின்னாலேயே ஓடினேன். என் மாமியார் அடுப்புத் துணியை எடுத்துக் குழாய்க் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகன் தூங்கணுமே என்று அவள் கை தானாகச் செய்தது. துணியின் பின்பக்கமாகத் தண்ணீர் ஊர்ந்து சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அதில் விரலை விட்டு எடுத்து நனைந்த விரலை அவளிடம் காட்டினார். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்தால் இருக்குமே, அப்படி இருந்தது அவர் முகம். இதற்குள் என் வீட்டுக்காரரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

மாமியார் துணியைப் பார்த்தாள். "நீயும் இப்பிடித்தான் கட்டுவியா?" என்றாள் என்னிடம்.

"ஆமா அத்தை. அவருக்கு நைட் வர்ற வாரமெல்லாம்."

அவள் என்னைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவாள்? துணி அவள் கையில் இருந்தது. "புள்ள தூங்கணுமே," என்று மட்டும் சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு பென்சில்காரரின் கால்களைப் பார்த்தாள். அவரும் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெதுவாகப் பின்னால் நடந்து நிலைப்படிக்கு வெளியே போனார்.

என் மாமியார் காலிப் பையை மடித்துக்கொண்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். என் மகள் என்னோடே இருந்தாள். ஆனால் கிளம்புமுன் மாமியார் சமையற்கட்டைக் கழுவிவிட்டாள். அந்த மனிதர் நின்ற இடத்தை. தண்ணீர் ஊற்றியது நான். வாளி வாளியாக ஊற்றினேன். என் குழந்தையை எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் கால் பட்ட தரையை நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். என் பேத்தி கல்லூரிக்குப் போகிறாள், இதை நான் இன்னும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் அவர் ரிஜிஸ்தரோடு வந்தார். நான் ஸ்டூலைப் போட்டேன், அவர் ரிஜிஸ்தரை அதில் வைத்தார், பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"காரணம்ற கட்டத்துல எழுதுங்கம்மா. கொழாயில கட்டுன துணி."

பென்சிலைப் பிடித்தேன், எழுத ஓடவில்லை. என்னவோ தோன்றி, "அதுக்கு முன்னாடி?" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். அவரை யாரும் அதுவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "தூங்கறவருக்காகக் கட்டுனது."

"அதுக்கு முன்னாடி?"

இன்னொரு தரம் நடந்தார். இந்தத் தடவை திரும்பி வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "நைட் ஷிஃப்ட்டு. அதையே எழுதுங்க. காரணம், நைட் ஷிஃப்ட்டு. சமையக்கட்டுக் கொழாய செவுத்துலேருந்து ரெண்டு மொழம் தள்ளி வெக்கணும், சந்த அடைக்கணும். எல்லா வூட்லயும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் அவர் பக்கத்து பிளாக்குகளிலும் நைட் ஷிஃப்ட் வீடுகளாகப் பார்த்துத் துணி உண்டா என்று கேட்க ஆரம்பித்திருந்தார். பதினோரு வீட்டில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்களாம்.

நாலு நாள் கழித்து ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு வேகுவேகென்று வந்தார். நான் எழுதியதன் மேல் சிவப்பு மசியில் ஒரு கோடு, பக்கத்தில் சூப்பர்வைசர் எழுத்து.

"செவப்புல என்னா போட்டிருக்காருங்க? சரின்னு போட்டிருக்காரா?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. சரி என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார், முதல் தடவையாகக் காபியை முழுசாகக் குடித்திருப்பார். அந்தக் கண்களை நான் ஒரு தரம் ஏமாற்றியிருக்கிறேன்.

"அடிச்சிட்டாரு மேஸ்திரி. நிலத்தடி நீர்னு போட்டிருக்காரு."

அவர் நின்றுவிட்டார். கோபப்படவில்லை. சிவப்புக் கோட்டை, சுவரில் ஈரத்தைப் பார்ப்பதுபோல விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காரணத்த தப்பா எழுதினா, பின்னாடி வர்றவன் தப்பான எடத்துல தோண்டுவான்ங்க," என்றார். "கீழ எடம் இருக்குதா?"

"இருக்கு."

"திரும்ப எழுதுங்க."

எழுதினேன். காரணம்: நைட் ஷிஃப்ட். அடுத்த வாரம் அதன் மேலும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. கீழே மறுபடி எழுதினேன். அதற்கும் கோடு. ஒரு தடவை சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்து, "எல்லா வீட்லயும் கொழா மாத்த கம்பெனி ஒத்துக்குமா? உனக்கு என்னம்மா தலையெழுத்து, அந்தாள் பேச்சைக் கேட்டுக்கிட்டு?" என்றார். "துணி கட்டுனது நான் சார், எனக்குத் தெரியாதா?" என்றேன். என் வீட்டுக்காரர், பர்மனென்ட் ஆர்டர் வருகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று உள்ளறையிலிருந்து ஜாடை காட்டினார். நான் பார்க்காததுபோல நின்றேன்.

சித்திரை முடிவதற்குள் சுவர் காய்ந்துவிட்டது. பென்சில் கோடுகள் மட்டும் இருந்தன. சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். ரிஜிஸ்தரில் அந்தப் பக்கம் அடிவரைக்கும் நிறைந்துபோயிருந்தது, என் எழுத்தும் சிவப்புக் கோடுமாக. அன்றைக்கு அவர் வந்ததும், "உள்ள வாங்க மேஸ்திரி," என்று சமையற்கட்டு நிலைப்படியில் நின்று கூப்பிட்டேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு முன்னறையிலேயே நின்றார். ஸ்டூலின் மேல் ரிஜிஸ்தரை விரித்தார், எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார், பென்சிலைப் பல்லால் கடித்துக் கூராக்கி என்னிடம் நீட்டினார்.